மைக் இல்லாத தொண்டை

சவுண்ட் வாடகைக்குக் கொடுக்கும் தொழிலில் பதினாறு வருடமாக இருக்கிறேன். அம்மன் கோயில் சடங்கு, கலியாண வீடு, விளையாட்டுப் போட்டி, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் எங்கள் பொக்ஸ்தான் போகும். இத்தனை வருடத்தில் நான் கேட்ட சத்தத்துக்கு அளவில்லை, கேட்ட பாட்டு கொஞ்சம்தான். நூறு வருடத்துக்கு முந்தின பெசி ஸ்மித் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகியைப் பற்றி எழுத நீ யார் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் மூன்று மாதமாக வேறு எதைப் போட்டாலும் காது ஏற்க மாட்டேன் என்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

தொடங்கியது மட்டக்களப்பு டச்பாரில், ஒரு பறங்கியர் (போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்தவர்கள்) கலியாணத்தில். பைலாவும் கபிரிஞ்ஞாவும் ஆடுகிற கலியாணம், வயலின்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் வழக்கம்போல மைக்கை வயலினுக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்தேன். மனுசன் காலாலேயே ஸ்டாண்டைத் தள்ளிவிட்டார். "தம்பி, கிட்ட வைச்சா வில்லு நரம்பில உரசுறதுதான் கேட்கும், பாட்டுக் கேட்காது" என்றார். சரி என்று தள்ளி வைத்தேன். அப்புறம் பொக்ஸைச் சோதித்துப் பார்க்க அவர் தன்னுடைய பென் டிரைவைத் தந்தார், பழைய பாட்டெல்லாம் இருக்கு, போட்டுப் பார் என்று.

இரண்டாவது பாட்டில் நான் கையை எடுத்துவிட்டேன். முதலில் கேட்டது ஆர்மோனியம். பஜனை வீட்டில் கேட்கிற அதே இழுவை, அதே காற்றுச் சத்தம். அதற்கு மேலே ஒரு கொர்னெட், ட்ரம்பெட் மாதிரி ஊதுகிற வாத்தியம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பதுபோலப் பாடிக்கொண்டிருந்தது. பாட்டின் பெயர் செயின்ட் லூயிஸ் புளூஸ். புளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஒரு பாட்டு வகை. 1925 ஜனவரி 14 அன்று நியூயார்க்கில் பதிவானது. கொர்னெட் வாசித்த பையன் லூயி ஆம்ஸ்ட்ராங், அப்போது அவருக்கு 23 வயது. ஆர்மோனியத்தில் பிரெட் லாங்ஷா. பாடியவர் பெசி ஸ்மித்.

இதெல்லாம் வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குப் பட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் குரல் மைக்கில் பாடவில்லை. தொழில்காரனுக்கு அது உடனே பிடிபடும். மைக்கில் பாடுகிறவர் மூச்சை ஒளித்துக்கொள்ளலாம், கிசுகிசுக்கலாம், சுருதி கொஞ்சம் விலகினால் எக்கோவைக் கூட்டித் தப்பிக்கலாம். இந்தக் குரலில் அப்படி ஒன்றும் இல்லை.

மைக் நிஜமாகவே இருக்கவில்லை. அந்தக் காலத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பெரிய ஹோர்ன் இருக்கும். கோயில் மரத்தில் கட்டுவோமே, அந்த ஹோர்னைத் தலைகீழாக யோசித்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதன் சின்ன முனையில் சத்தத்தைக் கொடுத்துப் பெரிய வாயால் ஊருக்கு விடுகிறோம், அவர்கள் பெரிய வாய்க்குள் பாடினார்கள். சின்ன முனையில் ஒரு மெல்லிய தகடு அதிரும், அதோடு பொருத்திய ஊசி சுழலும் மெழுகில் கோடு கீறும், அவ்வளவுதான். கரண்ட் இல்லை, வொல்யூம் இல்லை, கூட்டிக் குறைக்க ஒரு திருகும் இல்லை. பாடுகிறவளின் நெஞ்சுக் காற்றுத்தான் ஊசியைத் தள்ள வேண்டும். சத்தம் கூடின வாத்தியத்தைத் தூரத்தில் நிறுத்துவதும், குறைந்ததைக் கிட்ட வைப்பதும்தான் அவர்களுடைய மிக்ஸிங். அந்த வயலின்கார ஐயா காலால் செய்ததும் அதுதான்.

1925 மே மாதத்தில் கொலம்பியா நிறுவனம் மின்சார ஒலிப்பதிவுக்கு மாறியபோது நடந்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். மண்டபம் பெரியது, எதிரொலிக்கிறது என்று பொறியியலாளர்கள் துணியால் ஒரு கூடாரம் செய்து கூரையிலிருந்து தொங்கவிட்டு, அதற்குள் பெசியையும் வாத்தியக்காரர்களையும் இருத்தினார்களாம். பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே கூடாரம் எல்லோர் தலையிலும் விழுந்துவிட்டது. பெசியின் வாயிலிருந்து வந்த சொற்களை இங்கே எழுத முடியாது. தறப்பாள் விழுந்த நிகழ்ச்சிகள் என் கணக்கில் நான்கு இருக்கின்றன, ஆகவே அந்தப் பொறியியலாளர்கள்மேல் எனக்கு அனுதாபம் உண்டு.

அவர் பிறந்தது டென்னசி மாநிலத்தில் சட்டனூகா என்ற ஊரில். கலியாணப் பத்திரத்தில் 1894 ஏப்ரல் 15 என்று இருக்கிறது, குடிசன மதிப்பீட்டில் 1892 என்று இருக்கிறது. எங்கள் அம்மம்மாவுக்கும் இரண்டு பிறந்த தேதி உண்டு, ஒன்று அடையாள அட்டையில், மற்றது உண்மையானது. தகப்பன் கூலி வேலை, இடையிடையே பிரசங்கமும் செய்தவர், பெசிக்கு முகம் ஞாபகம் இருக்கும் வயதுக்கு முன்னமே போய்விட்டார். ஒன்பது வயதளவில் தாயும் இல்லை. மூத்த அக்கா வளர்த்தார். சோற்றுக்காகத் தெருவில் பெசி பாடி ஆட, சகோதரன் அன்ட்ரூ கிற்றார் அடிப்பான். 1912இல் ஓர் ஊர்சுற்றும் ஆட்டக் குழுவில் அண்ணன் மூலமாகச் சேர்ந்தபோது அவரை ஆடத்தான் எடுத்தார்கள், பாட எடுக்கவில்லை, ஏனென்றால் அந்தக் குழுவில் ஏற்கனவே மா ரெய்னி பாடிக்கொண்டிருந்தார். மா ரெய்னிதான் பெசிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார் என்று ஒரு கதை பரவலாக உண்டு, ஆனால் தொண்டை பெசிக்கு முன்பே இருந்தது. மேடையில் எப்படி நிற்பது, சனத்தை எப்படிக் கையில் வைத்துக்கொள்வது என்பதைத்தான் பார்த்துப் படித்திருப்பார் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரோடு களரியில் (கூத்தாடும் இடத்தில்) நின்று நின்று பழகுகிறவர்களுக்கு இது விளங்கும்.

பிறகு பத்து வருடத்துக்கு மேல் கூடாரம், கொட்டகை, ஊர் ஊராக ஓட்டம். ஆயிரம் பேர் கொள்ளும் கூடாரத்தில் மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குச் சொல் விளங்கப் பாட வேண்டும். முதலில் ஒன்றிரண்டு இசைத்தட்டுக் கம்பனிகள் குரல் கரடுமுரடு என்று வேண்டாம் என்றன. கறுப்பினத்தவர் நடத்திய பிளாக் ஸ்வான் கம்பனியும் அதில் ஒன்று. கடைசியில் 1923 பெப்ரவரியில் கொலம்பியா எடுத்தது, முதல் தட்டு டவுன்ஹார்ட்டட் புளூஸ். சில மாதங்களிலேயே ஏழரை லட்சத்துக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். அவருக்கு அதில் விற்பனைப் பங்கு ஒரு சதமும் கிடையாது. ஒரு பாட்டுக்கு 125 டொலர் என்று மொத்தக் கூலி, அதிலும் பாதியை இடையில் நின்ற பியானோக்காரர் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் பெசி, தான் கட்டப்போகும் ஜாக் கீயையும் கூட்டிக்கொண்டு அந்த ஆளின் ஒபிசுக்கே போய் நின்று கணக்கைத் தீர்த்துக்கொண்டார். வாடகைக் காசுக்கு ஆறு மாதம் அலைகிற எனக்கு இந்தப் பகுதி மிகவும் பிடிக்கும்.

இதற்குப் பிறகுதான் புளூஸின் சக்கரவர்த்தினி என்ற பட்டம், வாரத்துக்கு 2000 டொலர் வரை சம்பளம், எல்லாம். என்னை யோசிக்க வைத்தது அவருடைய ரயில் பெட்டி. 1925இல் 70 அடிக்கு மேல் நீளமான ஒரு பெட்டியைத் தனக்கென்று செய்வித்தார். பளிச்சென்ற மஞ்சள் நிறம். முழுக் குழுவும் படுக்க இடம், சமையலறை, கூடாரச் சாமான் வைக்க இடம். ஆடம்பரம் என்று நினைக்கலாம். ஆனால் தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு ஹோட்டலில் அறை இல்லை, சாப்பாட்டுக் கடையில் முன் கதவு இல்லை, ரயிலில்கூடத் தனிப் பெட்டி. பாடிக் கைதட்டு வாங்கிய ஊரிலேயே இராத்திரிக்கு எங்கே படுப்பது என்று தேட வேண்டும். பெசி அந்தப் பிரச்சினையைச் சக்கரத்தில் ஏற்றி ரயிலோடு கொளுவிவிட்டார்.

1927 ஜூலையில் வட கரோலினாவில் கொன்கோர்ட் என்ற ஊரில் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே புழுக்கம் தாங்காமல் காற்று வாங்க வெளியே வந்த ஒரு வாத்தியக்காரர், வெள்ளை முக்காடு போட்ட ஆட்கள் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். கறுப்பினத்தவரை மிரட்டித் தாக்கும் வெள்ளையர் கூட்டமான கு கிளக்ஸ் கிளான். உள்ளே சனம் நிரம்பி இருக்கிறது, கூடாரம் விழுந்தால் என்ன நடக்கும் என்று என்னைப்போன்றவனுக்குச் சொல்லத் தேவையில்லை. கூடாரப் பெடியன்களைப் பெசி கூட்டிக்கொண்டு போனார், முக்காட்டைக் கண்டதும் அவர்கள் ஓடிவிட்டார்கள். அவர் தனியாக நின்று இடுப்பில் ஒரு கை, மற்றக் கையை முட்டியாக ஓங்கி, வாய்க்கு வந்தபடி ஏசினார். வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இருட்டுக்குள் போய்விட்டார்கள். பெசி திரும்பி வந்து ஓடின பெடியன்களுக்கும் நல்ல ஏச்சுக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடினார்.

சரி, இப்போது அம்மம்மா.

அம்மம்மா வாவிக்கு மேற்கே படுவான்கரையில், மண்டூருக்கு அங்கால் இருக்கிறார். கார்த்திகை மழை விடாமல் பிடித்ததும், பாதை (வாவியைக் கடக்கிற மிதவைப் படகை இங்கே அப்படித்தான் சொல்வோம்) நிற்பதற்கு முன்னம் குருமண்வெளிக்குக் கூட்டிவந்து அங்கிருந்து ஓட்டோவில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். நான்கு நாள் கரண்ட் இல்லை. பொக்ஸ் எல்லாம் விறாந்தையில் தறப்பாளுக்குக் கீழே. எல்லா ஓடரும் கான்சல். மூன்றாம் நாள் பொழுது போகாமல் கார் பற்றறியில் ஒரு சின்ன அம்ப்ளிபயரைக் கொளுவிப் பெசியின் பாட்டைப் போட்டேன். அம்மம்மா கட்டிலில் இருந்து தலையைத் தூக்கி, "ஆருட செத்த வீடு மனே?" என்றார்.

போட்டது பாக்வோட்டர் புளூஸ். வெள்ளப் பாட்டு. 1927 பெப்ரவரி 17 அன்று பதிவு செய்தது, பியானோ ஜேம்ஸ் பி. ஜோன்சன், இடது கையால் இடி உருட்டுகிற மாதிரி வாசித்திருப்பார். 1926 நத்தார் நேரத்தில் கம்பர்லன்ட் ஆறு பெருகி நாஷ்வில் நகரம் மூழ்கிய சமயத்தில் பிறந்த பாட்டு இது. பெசியின் அண்ணன் மனைவி பின்னாளில் சொன்ன கதை ஒன்று உண்டு, வெள்ளம் வந்த ஓர் ஊரில் இவர்கள் ரயிலால் இறங்கிச் சின்னத் தோணிகளில் ஏற வேண்டி வந்தது, தங்கக் கிடைத்தது சவப்பெட்டிக்காரர் வீட்டு மாடி, அங்கிருந்த சனம் வெள்ளப் பாட்டுப் பாடு என்று கேட்டது, என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை என்ற பெசி வீட்டுக்குப் போய் எழுதினார் என்று. தட்டு பதிவாகி இரண்டு மாதத்தில், ஏப்ரலில், மிசிசிப்பி ஆறு அணையை உடைத்துக்கொண்டு ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட சனத்தை வீட்டை விட்டுக் கிளப்பியது. அந்தச் சனம் இதைத் தங்கள் வெள்ளத்துக்கு எழுதிய பாட்டாகவே எடுத்துக்கொண்டது.

அம்மம்மாவுக்குச் சொல்லச் சொல்ல, "மறுகா?" (பிறகு?) என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாட்டில் பெரிய புலம்பல் எல்லாம் கிடையாது. மழை ஐந்து நாள் விடாமல் பெய்கிறது, இருட்டிவிடுகிறது, ஒருத்தர் தோணியோடு வருகிறார், அவள் உடுப்பைக் கட்டிக்கொண்டு ஏறுகிறாள், மேட்டில் நின்று தன் வீடு இருந்த பக்கத்தைப் பார்க்கிறாள். விதானையாரிடம் (கிராம அதிகாரியிடம்) போய்ச் சொல்கிற விபரம் மாதிரித்தான் இருக்கிறது. அதனால்தான் அது குத்துகிறது என்பது என் எண்ணம். அம்மம்மாவும் 57ஆம் ஆண்டு வெள்ளத்தைச் சொன்னால் இப்படித்தான் சொல்வார், அழ மாட்டார், எத்தனையாம் நாள், எந்தத் தோணி, எத்தனை மூட்டை நெல்லு, எந்த மாடு கயிற்றோடு போனது. 78 சூறாவளிக்கும் அதே மாதிரி, கூரை எந்தப் பக்கமாகக் கிளம்பியது என்று கையால் காட்டுவார்.

பாட்டு முடிந்ததும் கேட்டார்: "அந்தப் பொண்டுக்கு மறுகா வீடு கிடைச்சதா?" பாட்டில் அது இல்லை அம்மம்மா என்றேன். "நிவாரணமாவது குடுத்தானுகளா?" என்றார்.

1930க்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், எல்லாக் கலைஞர் கதையிலும் வருகிற பகுதிதான். பொருளாதாரம் விழுந்தது, ரேடியோவும் பேசும் படமும் வந்தன, இசைத்தட்டு வாங்க ஆளில்லை, 1931இல் கொலம்பியா கைவிட்டது. குடியும் ஜாக் கீயோடு சண்டையும் முன்பே இருந்தன. 1933 நவம்பர் 24 அன்று இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜோன் ஹமண்ட் கூப்பிட்டு நான்கு பாட்டுப் பதிவு செய்தார், பாட்டுக்கு 37.50 டொலர் கூலி, அதுதான் கடைசிப் பதிவு. மூன்றே நாள் கழித்து அதே ஹமண்ட் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு முதல் பதிவு செய்தார். அவர் பில்லி ஹொலிடே. மைக்கைக் காதலன்போல வைத்துக்கொண்டு மெதுவாகப் பாடும் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். பில்லியும் பெசியின் தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்தான்.

ஆனால் பெசி நொடிந்து போய்ச் செத்தார் என்பது பொய். 1937இல் புதுப் பாணிக்குத் தன்னை மாற்றிக்கொண்டு, மறுபடி ஊர் ஊராக நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தார். செப்டம்பர் 26 அதிகாலை, மெம்பிசிலிருந்து தெற்கே போகும் 61ஆம் இலக்கச் சாலையில், அப்போதைய துணைவர் ரிச்சர்ட் மோர்கன் ஓட்டிய கார் ஒரு லொறியின் பின்னால் மோதியது. வலது கை முழங்கையோடு கிட்டத்தட்ட அறுந்துவிட்டது. கிளார்க்ஸ்டேல் ஊரில் கறுப்பினத்தவருக்கான ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், கையை எடுத்தார்கள், அன்று பகலே முடிந்துவிட்டார்.

சில வாரத்தில் ஹமண்ட் ஒரு பத்திரிகையில், வெள்ளையர் ஆஸ்பத்திரி சேர்க்க மறுத்ததால் பெசி இரத்தம் போய்ச் செத்தார் என்று கேள்விப்பட்டதை எழுதிவிட்டார். அது அப்படியே நிலைத்துவிட்டது, அதை வைத்துப் பேர்போன ஒரு நாடகமே வந்தது. உண்மையில் அப்படி நடக்கவில்லை. வழியில் நின்று முதல் உதவி செய்த வைத்தியர் பல வருடம் கழித்துச் சொன்னது இன்னும் மோசம்: வெள்ளையர் ஆஸ்பத்திரி என்ற யோசனையே எந்த அம்புலன்ஸ் சாரதிக்கும் வந்திருக்காது. யாரும் மறுக்கவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கப் போகவே இல்லை. இது எப்படிப்பட்ட நிலைமை என்று எங்கள் ஊர்க்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பிலடெல்பியாவில் அவரைப் பார்க்கப் பத்தாயிரம் பேர் வந்தார்கள். அவ்வளவு சனம் வந்தும் புதைகுழிக்கு 33 வருடம் கல் இல்லை. கல் வைக்கச் சேர்த்த காசை ஜாக் கீ எடுத்துக்கொண்டார் என்பார்கள். 1970 ஆகஸ்டில்தான் ஜானிஸ் ஜோப்ளின் என்ற பாடகியும், சின்ன வயதில் பெசி வீட்டில் வேலைக்கு நின்ற ஜுவானிட்டா கிரீனும் சேர்ந்து காசு போட்டுக் கல் நட்டார்கள்.

கல் இல்லாவிட்டாலும் குரல் இருந்தது. கொலம்பியாவுக்கு மட்டும் 160 பாட்டு. எனக்கு வயிற்றெரிச்சல் அங்கேதான். என் அம்மப்பா வடமோடிக் கூத்தில் அருச்சுனன் ஆடியவர். அவர் களரிக்கு வரும்போது வரவுப் பாட்டுப் பாடினால் வாவிக்கு அக்கரையில் கேட்கும் என்பார்கள், அதை நான் நம்பவில்லை, ஆனால் எண்பதுகளில் ஒருநாள் மைக் கொண்டுவந்தபோது "இதை ஆடிப்போட்டு எங்க வைக்கிற?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியது உண்மை. அவருடைய குரல் ஒரே ஒரு கெசட்டில் இருந்தது. 2011 ஜனவரி வெள்ளம் அலுமாரியின் இரண்டாம் தட்டு வரை ஏறியது, கெசட் இரண்டாம் தட்டில் இருந்தது. நான் சவுண்ட்காரன். அதற்கு முந்தின மூன்று வருடமும் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அம்மப்பாவோடு பிற்பாட்டுப் பாடிய ஒருவர் இன்னும் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். வெள்ளிக்கிழமை பாதை ஓடினால் போகலாம் என்றிருக்கிறேன். ரெக்கோர்டரும் ஒரு மைக்கும் போதும். மத்தளத்தைப் பின்னால் தள்ளி இருத்த வேண்டும், சல்லாரியை (தாளத்தை) அதைவிடத் தூரத்தில், மைக்கை அவர் வாயிலிருந்து பத்தடி தள்ளி வைக்க வேண்டும். கிட்ட வைக்காததற்கு அவர் கோபித்தாலும் பரவாயில்லை.